ஆறாவது பொயின்ற்

என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய ஆள் இந்த யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். பெயர் சிவகௌரி. என் மனைவி நான் எழுதிக் கொடுக்கும் சாமான் துண்டோடு கடைக்குப் போய், அங்கே நின்றுகொண்டு எனக்கே போன் எடுத்து, "இதென்னப்பா, மல்லியோ மிளகோ?" என்று கேட்பாள். சிவகௌரி ஒரு நாளும் கேட்டதில்லை. கோழி கிளறின மாதிரி நான் எழுதும் தாள்களைப் பதினெட்டு வருடமாக வாசித்து, ரைப் அடித்து, ஒரே ஒரு பிழையைத் தவிர வேறு பிழை இல்லாமல் தந்திருக்கிறாள். அந்த ஒரு பிழையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது அவளுடைய பிழை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் துரைராஜா அண்ணையின் அச்சகம் இருக்கிறது. அச்சகம் என்பது பெரிய பேர். ஒரு அறை, இரண்டு கொம்பியூட்டர், பிரதி எடுக்கிற மெசின் ஒன்று, கடதாசி வெட்டுகிற மெசின் ஒன்று. கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், செத்தவர் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் அங்கே அடிப்பார்கள். ஆனால் அந்த இடத்தை வாழவைப்பது பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற உயர்தரச் சோதினை. மாதிரி வினாத்தாள், விடைத்திட்டம், செமினார் கையேடு என்று வலிகாமத்துப் பிள்ளைகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிகிற கடதாசிகளில் பாதி சிவகௌரியின் பத்து விரலாலும் வந்தவை. இரசாயனமும் அவள்தான், இந்து நாகரிகமும் அவள்தான். பென்சீன் வளையம் கீறுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை என்று இரசாயன மாஸ்ரர் சொல்வார். அது என்ன சாமான் என்று நான் ஒருநாள் அவளைக் கேட்டேன். "ஆறு மூலை சேர், உள்ளுக்கை மூண்டு கோடு" என்றாள்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் சுபாஸ்கரன். காலையில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் விவசாய விஞ்ஞானம், பின்னேரம் தகரக் கூரை போட்ட ரியூட்டரியில் அதே விவசாய விஞ்ஞானம். சுன்னாகத்திலிருந்து மல்லாகம் வரைக்கும் மதில்களில் என் படம் ஒட்டியிருக்கும். மழைக்கு முதலில் கரைவது என் மீசைதான். காலையில் என் வகுப்பில் கொட்டாவி விடுகிற பிள்ளை பின்னேரம் ரியூட்டரியில் முன்வாங்கில் இருக்க அடிபடும். ஒரே வாய், ஒரே வாத்தி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறது, ரியூட்டரியில் புள்ளி கிடைக்கிறது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான்.

உண்மையைச் சொன்னால் நான் விவசாயம் படிப்பிப்பதில்லை. விவசாயக் கேள்விக்கு விடை படிப்பிக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தோட்டம் இருந்தது. உயர்தர வகுப்பு அதற்குள் இறங்கி எத்தனையோ வருடம். இறங்க நேரம் எங்கே? பன்னிரண்டு வருடத்துக் கடந்தகால வினாத்தாளையும் மூன்றுதரம் செய்து முடிக்கவேண்டும். இப்போது அந்தத் தோட்டத்தில் பாத்தீனியம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பாத்தீனியத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள் நான்கினை என் பிள்ளைகள் நித்திரையிலும் சொல்வார்கள். அந்தச் செடிக்குப் பக்கத்தில்தான் சைக்கிளைச் சாத்துகிறார்கள், அதுதான் இது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இதைச் சொல்லி நான் கூட்டங்களில் கோபப்படுவேன். கோபப்பட்டுவிட்டு நேரே ரியூட்டரிக்குப் போவேன்.

சிவகௌரி ஏழாலையில் தோட்டக்காரக் குடும்பம். தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு ஓடின இடப்பெயர்வில் கொடிகாமத்தில் யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் இருந்தவர்கள். சாதாரணதரத்தை ஒரு வருடம் பிந்தி எழுதினாள். உயர்தரம் இரண்டு தரம் எழுதினாள். இரண்டாவதில் எல்லாம் சரிவந்து பௌதிகத்தில் மட்டும் போய்விட்டது. உயர்தரம் மூன்று தரம் எழுதலாம், ஒவ்வொரு தரத்தையும் எங்கள் பிள்ளைகள் 'ஷை' என்பார்கள். மூன்றாவது ஷையைக் கேட்டபோது வீட்டில் "காணும்" என்று சொல்லி ரைப்பிங் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். "மூண்டாவது ஷை தந்திருந்தால் நான் எடுத்திருப்பன் சேர்" என்று ஒரே ஒரு நாள் என்னிடம் சொன்னாள். வேறு எதற்கும் அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

புருசன் குகதாசன். நல்ல மனுசன், வெங்காயமும் புகையிலையும் செய்கிறவன். காலையில் அவனோடு தோட்டத்தில் நின்று, கால் கழுவி, சீலை மாற்றி, ஒன்பது மணிக்கு சிவகௌரி அச்சகத்தில் இருப்பாள். நகத்துக்குள் செம்மண் இருக்கும். ஒரே மகள் சாருஜா. என்னிடம்தான் படித்தாள். முதல் ஷையில் காய்ச்சலோடு எழுதினாள், சரிவரவில்லை. இரண்டாவதில் மயிரிழையில் தவறிப் போனது. கிளிநொச்சியில் இருக்கிற விவசாய பீடத்துக்குத்தான் போவேன் என்று நின்றாள். போன வருடம் எழுதியது மூன்றாவது. அதற்குப் பிறகு கதவு இல்லை.

இனி அந்தப் பழைய கதை. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பத்து வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த ஒரு விடையில் 'கன்றுகளைக் காலை வேளையில் நடுதல்' என்று இருந்தது. அடித்து வந்ததில் 'மாலை வேளையில்' என்று மாறியிருந்தது. யார் மாற்றினது என்று கேட்டேன். "வெயிலுக்கு முன்னாலை நட்டால் கண்டு வாடிப்போடும் எல்லே சேர். கை தவறி எழுதிப்போட்டியள் எண்டு நினைச்சன்" என்றாள். அச்சகத்தில் நாலு பேர் நின்றார்கள், ஒரு ஆள் என்னோடு போட்டிக்கு வகுப்பு வைக்கிற வின்சன்ற் மாஸ்ரர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நீர் ரைப் பண்ணும் கௌரி" என்றேன். "யோசிக்கிறதை நான் பாக்கிறன்."

வின்சன்ற் சிரித்தார். அவள் 'காலை' என்று மாற்றித் தந்தாள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் 'மாலை' என்றுதான் இருந்தது. அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்கு மெதுவாகத் திருத்திச் சொன்னேன். அவளுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் என்ன எழுதிக் கொடுத்தேனோ அது அப்படியே வந்தது, எழுத்துப் பிசகாமல். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

போன வருடச் சோதினைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இறுதிக் கையேடு எழுதினேன். அறுபத்துநாலு பக்கம். வரிகள் நெருங்கி வந்தால் பிள்ளைகள் தங்கள் குறிப்பு எழுத இடமில்லை என்று, ஓரத்தில் அவளுக்கு 'இடைவெளியைக் கூட்டவும்' என்று எழுதிவிடுவது என் வழக்கம். எப்போதும் சிவப்புப் பேனை. அன்று சிவப்புப் பேனை காய்ந்துபோய்க் கிடந்தது. எழும்பிப்போய் வேறு பேனை எடுக்கப் பஞ்சி, சோம்பல்தான். நீலத்திலேயே எழுதினேன். அதையும் ஓரத்தில் எழுதாமல், நாற்பத்தோராம் பக்கத்தில், களைகளைக் கட்டுப்படுத்தும் பயிர்ச்செய்கை முறைகள் என்ற விடையில், ஐந்தாவது பொயின்றுக்கு நேர் கீழே எழுதினேன்.

அது ஆறாவது பொயின்றாக அச்சாகி வந்தது.

'1. நிலத்தை நன்கு பண்படுத்தல். 2. களை விதையற்ற தூய விதைகளை நடுதல். 3. பயிர்ச்சுழற்சி செய்தல். 4. மூடுபடை இடல். 5. நீர் முகாமைத்துவம் செய்தல். 6. இடைவெளியைக் கூட்டவும்.'

ஐந்து 'தல்', ஒரு 'வும்'. ஆயிரத்து நானூறு பிரதி போனது. பருத்தித்துறைக்குப் போனது, கிளிநொச்சிக்குப் போனது. ஆயிரத்து நானூறு பிள்ளைகளில் ஒரு பிள்ளை, "சேர், இது மட்டும் ஏன் வேற மாதிரி முடியுது?" என்று கேட்கவில்லை. தமிழ்ப் பிழையை விடுங்கள். பயிருக்குப் பயிர் இடைவெளியைக் கூட்டினால் களை கட்டுப்படாது, கொண்டாட்டமாக எழும்பும். நெருக்கி நட்டால்தான் வெளிச்சம் விழாமல் களை அடங்கும். இது ஏழாலையில், உரும்பிராயில், வட்டுக்கோட்டையில் தோட்டத்துக்குள் நடக்கப் பழகின எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளைகள்தான் அதைப் பாடமாக்கினார்கள்.

சோதினைக்கு ஒன்பது நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சிவகௌரி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். சாருஜா கையேட்டைப் பிடித்தபடி தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து பாடமாக்கிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் சிவகௌரி எனக்குப் பிறகு சொன்னது. அஞ்சு, நீர் முகாமைத்துவம் செய்தல். ஆறு, இடைவெளியைக் கூட்டவும். அஞ்சு, நீர் முகாமைத்துவம் செய்தல். ஆறு, இடைவெளியைக் கூட்டவும். மூன்றாம் சுற்றில் சிவகௌரியின் கை நின்றது. அந்த வசனத்தைப் பதினெட்டு வருடமாக அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு எழுதப்படுகிற வசனம்.

"பிள்ளை, அந்தக் கடைசியைத் திருப்பிச் சொல்லு."

"ஆறு, இடைவெளியைக் கூட்டவும்."

"வெங்காயம் எத்தினை விரல் விட்டு நடுறனாங்கள்?"

"நாலு விரல்."

"கூட விட்டால்?"

"நடுவிலை புல்லு எழும்பும். ஏனம்மா?"

"அப்ப நீ என்னத்தைப் பாடமாக்கிறாய்?"

சாருஜா கையேட்டைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "அம்மா, அது தோட்டம். இது சோதினை" என்றாள். "சேர் தந்ததிலை ஆறு இருக்கு. சேர் பிழையாத் தரமாட்டார். என்னைக் குழப்பாதேங்கோ, இது எனக்குக் கடைசி ஷை."

ஈர உடுப்பை அப்படியே போட்டுவிட்டு சிவகௌரி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்து, துரைராஜா அண்ணையிடம் திறப்பு வாங்கிக் கதவைத் திறந்து, நான் எழுதின மூலத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். நீல மை. திங்கள் காலை பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்தாள். கையில் அந்தத் தாள்.

"சேர், என்னிலை ஒரு பிழை நடந்து போச்சு" என்று தொடங்கினாள். என்னிலை என்றுதான் சொன்னாள். நான் தாளைப் பார்த்தேன். பார்த்த உடனே விளங்கிவிட்டது.

"எத்தினை புள்ளி போகும்?" என்று அவளே கேட்டாள்.

"கேள்வி வந்தால் ஒரு பொயின்ற். வராது."

"வந்தால்?"

"கௌரி, ஒரு பொயின்ற். இப்ப போய் இது பிழை எண்டு சொன்னால் மிச்சம் அறுபத்துமூண்டு பக்கத்தையும் சந்தேகப்படுவாங்கள். எட்டு நாள்தான் கிடக்கு."

அதுவும் உண்மைதான். ஆனால் என் மனதில் நின்றது வின்சன்ற் மாஸ்ரர். ரைப் அடிக்கிற பிள்ளைக்கு எழுதினதைப் பாடமாகக் கொடுத்தவன் என்று சுன்னாகம் சந்தி முழுக்கக் கதை பரவும். மதிலில் இருக்கிற என் மீசைக்கு மேல் யாராவது இடைவெளியைக் கூட்டவும் என்று எழுதுவார்கள். எனக்குப் பயம். வேறு சொல் தேடத் தேவையில்லை.

"இண்டைக்கும் நாளைக்கும் வகுப்பு இருக்கெல்லே சேர். ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்" என்றாள். சோதினைக்குச் சில நாள் முந்தி வகுப்பு வைக்கவும் கடதாசி கொடுக்கவும் தடை வரும். அந்த முறை செவ்வாய்க்கிழமையோடு எல்லாம் நிறுத்தவேண்டும். அவள் நாளை எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"பாப்பம்" என்றேன். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் அவள் துரைராஜா அண்ணையிடம் போயிருக்கிறாள். "வாத்தியார் சொல்லாமல் நாங்கள் திருத்தினால் நாளைக்கு ஒரு வாத்தியும் இஞ்சை வரமாட்டினம் பிள்ளை" என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "அச்சகத்தின்ரை பேர் வரக்கூடாது. கடதாசியை எடு" என்றாராம். ஒரு தாளில் இருபத்துநாலு துண்டு வரும்படி அடித்து, வெட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே வசனம்: 'பக்கம் 41, ஆறாவது: இடைவெளியைக் குறைத்தல் எனத் திருத்தவும்.' பேர் இல்லை, கையெழுத்து இல்லை.

திங்கள் பின்னேரம் நான் ரியூட்டரிக்குப் போகும்போது அவள் கேற்றடியில் நிற்கிறாள். தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடை, மற்றக் கையில் பொலித்தீன் பைக்குள் துண்டுகள். சைக்கிளில் வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் மறித்து, "ஒருக்கா இதைக் கொப்பியிலை ஒட்டுங்கோ ராசாத்தி" என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனியவில்லை. நான்தான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

வகுப்பில் முந்நூறு பிள்ளைகள். பாடம் தொடங்கி ஐந்து நிமிடம் இல்லை, வினோஜா என்ற பிள்ளை எழும்பினாள். "சேர், கேற்றிலை ஒரு அன்ரி இதைத் தந்தவ. இது சரியோ?"

முந்நூறு முகம். 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு என் வாய் திறக்கவில்லை. திறந்தபோது வேறொன்று வந்தது.

"நான் தந்ததை மட்டும் படியுங்கோ. றோட்டிலை தாறதெல்லாத்தையும் படிச்சால் கடைசியிலை றோட்டிலைதான் நிக்க வேணும்."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். மைக்கில் சொல்லியிருந்தேன், கேற்றடிக்கும் கேட்டிருக்கும். இரண்டாம் வாங்கில் சாருஜா இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தாய் கொடுத்த துண்டு அவளுடைய கையேட்டுக்கு மேல் இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் சிவகௌரி வந்து நின்றாள். அன்று பாதிப் பேர் துண்டை வாங்கவில்லை. வாங்கினவர்களில் சிலர் தண்ணி நின்ற றோட்டோரக் கானுக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றும் நான் அதைத் திருத்தாமலே வகுப்பை முடித்தேன்.

அந்த எட்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்துக்கு நடப்பேன், திரும்பி வருவேன். மனைவி, "சோதினை உங்களுக்கோ பிள்ளையளுக்கோ?" என்று கேட்டாள். விவசாயப் பாடம் நடந்த அன்று பள்ளிக்கூட மதிலோடு நின்று, முதலில் வெளியே வந்த பிள்ளையிடம் வினாத்தாளை வாங்கினேன். கட்டுரைப் பகுதி, இரண்டாவது கேள்வி. களைகளைக் கட்டுப்படுத்தும் பயிர்ச்செய்கை முறைகள் ஆறினை விளக்குக.

"சேர், நீங்கள் தந்தது அப்பிடியே வந்திருக்கு!" என்று பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் காலில் விழுந்தாள். நான் அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று நின்றேன்.

விடைத்தாள் திருத்தும் மண்டபத்துக்குள் நடப்பதை வெளியே கதைக்கக் கூடாது. இவ்வளவு நாளும் கதைக்கவில்லை. தை மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்த மாவட்டம், எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாது, தாளில் சுட்டெண் மட்டும்தான் இருக்கும். என் மேசைக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து முதல் தாளைத் திறந்தேன். ஆறு, இடைவெளியைக் கூட்டவும். பிழைக் கோடு போட்டேன். அடுத்த தாள். ஆறு, இடைவெளியைக் கூட்டவும். உருண்டை எழுத்து, சாய்ந்த எழுத்து, எறும்பு மாதிரி எழுத்து. விளக்கமும் எழுதியிருந்தார்கள், 'இடைவெளியைக் கூட்டுவதால் களைகள் கட்டுப்படும்' என்று. தோட்டக்காரன் வாசித்தால் அழுவான். சோம்பலில் நான் ஒருத்திக்கு எழுதின ஒரு வரி, முன்பின் தெரியாத பிள்ளைகளின் கையெழுத்தில் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நானே பூச்சியம் போட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தாள் வந்தது. '6. இடைவெளியைக் குறைத்தல் எனத் திருத்தவும்.'

முதலில் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிவகௌரியின் துண்டு! அந்தப் பிள்ளை துண்டை ஒட்டி, துண்டையும் அப்படியே பாடமாக்கியிருக்கிறது. 'குறைத்தல்' இருக்கிறது, விடைத்திட்டத்தின்படி புள்ளி கொடுக்கவேண்டும். கொடுத்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. மழைக்குள் நின்ற ஒரு மனுசி, ஒரு பிள்ளைக்காவது அந்தப் புள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கோடு நின்ற நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

அதே கட்டுக்குள் இன்னொரு தாள். ஐந்து பொயின்ற் அழகான எழுத்தில். கீழே '6.' என்று போட்டு, இரண்டு வரி வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே அடுத்த கேள்வி தொடங்கியிருந்தது. நேரம் போதவில்லையாக்கும் என்று நினைத்து அடுத்த தாளை எடுத்தேன்.

முடிவுகள் வந்தன. சாருஜா மூன்று பாடத்திலும் நன்றாகச் சித்தியடைந்திருந்தாள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்தபோது, அவளுடைய இசற் ஸ்கோர், அதாவது அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்தின புள்ளி, விவசாய பீடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் என்றால், தசத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், அதற்குப் பிறகு ஒரு இரண்டு. அந்த ஒரு பொயின்ற் இருந்திருந்தால் போயிருப்பாளா? நான் கொப்பி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கல்குலேற்றரில் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. எல்லாருடைய புள்ளியும் தெரிந்தால்தான் ஒருவருடைய ஸ்கோர் வரும். போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இது எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும், இல்லை.

சிவகௌரியின் முகத்தில் முழிக்கப் பயந்து, இந்த வருடக் கையேட்டை யாழ்ப்பாண ரவுணில் வேறொரு இடத்தில் கொடுத்தேன். பத்துப் பக்கம் அடித்துத் தந்தார்கள். 'தக்காளி' என்று நான் எழுதினது 'தங்காலை' என்று வந்திருந்தது. 'மாட்டெரு' 'மாட்டேன்' ஆகியிருந்தது. ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணி போல் தாள் கட்டோடு துரைராஜா அண்ணையின் அச்சகத்துப் படியில் ஏறினேன்.

அவள் அங்கேதான் இருந்தாள், அதே கதிரையில். நகத்துக்குள் அதே செம்மண். "வாங்கோ சேர்" என்றாள், நேற்றுத்தான் கண்டது போல. அந்த 'வாங்கோ'வைத் தாங்க எனக்கு முடியவில்லை.

"கௌரி, அது என்ரை பிழை" என்றேன். "பேனை என்ரை பிழை, வகுப்பிலை சொன்னதும் என்ரை பிழை. உமக்கு நான் முதலே சொல்லியிருக்க வேணும். அந்தக் கண்டு நடுகிறதும் மாலைதான்."

கடைசி வசனம் அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் மெல்லச் சிரித்தாள். "அது எனக்குத் தெரியுந்தானே சேர்."

"சாருஜா என்ன செய்யிறா?"

"விவசாய டிப்ளோமா ஒண்டுக்குப் போட்டிருக்கிறாள். இப்ப தகப்பனோடை தோட்டத்திலை." விசைப்பலகையை ஒரு பக்கம் தள்ளிவைத்தாள். "அவள் அந்த ஆறாவதை எழுதேல்லை சேர். வந்த அண்டைக்கே சொன்னவள். ஆறெண்டு நம்பரைப் போட்டாளாம், பேந்து கை ஓடேல்லையாம். கூட்டவும் எண்டு எழுதினால் அம்மா பொய். குறைத்தல் எண்டு எழுதினால் சேர் பொய். ரெண்டு வரி இடம் விட்டிட்டு வந்திட்டாள்."

அந்தத் தாள் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அழகான எழுத்து, ஐந்து பொயின்ற், ஒரு ஆறு, அதற்குக் கீழே வெறும் கடதாசி. அது அவளுடையது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை நேரம் போதாமல் விட்டது என்று நினைத்துத்தான் நான் அடுத்த தாளை எடுத்திருந்தேன். நான் கேட்டபடியே ஒரு பிள்ளை இடைவெளியைக் கூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறது. இதை நான் சிவகௌரியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், துரைராஜா அண்ணை கடதாசி வெட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கோ சேர்" என்று அவள் கையை நீட்டினாள். தாள் கட்டைக் கொடுத்தேன். இந்த முறை அவளுக்கான குறிப்பு எல்லாம் சிவப்பில், ஓரத்தில், வட்டம் போட்டு எழுதியிருந்தேன். அதைக் காட்டவும் செய்தேன், நல்ல பிள்ளை மாதிரி. அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முன்பெல்லாம் அப்படிப் புரட்டமாட்டாள், வாங்கி வைத்துவிட்டு அடிக்கத் தொடங்குவாள். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. நாலாவது பொயின்றுக்குக் கீழே, நீல மையில், ஒரு வரி. 'இது சரியா எனப் பார்க்கவும்.'

"சேர், இது எனக்கு எழுதினதோ, பிள்ளையளுக்கு எழுதினதோ?"

எட்டிப் பார்த்தேன். என் எழுத்துத்தான். அவசரத்தில் எனக்கு நானே எழுதிவிட்டு, பிறகு பார்க்காமலே கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அது எனக்கு" என்றேன்.

சிவகௌரி தாள்களை மேசையில் தட்டி அடுக்கி, முழுக் கட்டையும் என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப கொண்டுபோங்கோ சேர். நீங்கள் யோசியுங்கோ. ரைப் பண்ணுறதை நான் பாக்கிறன்."